பதிவேடு சொல்லாமல் விட்டவை: கொரிய, சீன வரலாற்றுத் தொடர்களும் மாயத் தொடர்களும்

1404ஆம் ஆண்டு, கொரியாவின் ஜோசொன் அரசமரபில் மூன்றாவது மன்னரான தேஜோங் மான் வேட்டைக்குச் சென்றிருந்தபோது குதிரை இடறிக் கீழே விழுந்தார். அடி ஒன்றும் படவில்லை. எழுந்து இருபுறமும் பார்த்தவர், "இது பதிவாளருக்குத் தெரிய வேண்டாம்" என்றார். மன்னர் விழுந்த செய்தியும் அதை மறைக்கச் சொன்ன செய்தியும் அரசப் பதிவேட்டில் இன்றும் அப்படியே இருக்கின்றன.

'சில்லொக்' எனப்படும் இந்தப் பதிவேடுகள் 1392 முதல் 1863 வரை 25 மன்னர்களின் 472 ஆண்டு ஆட்சியை நாள்வாரியாகச் சொல்கின்றன. அவையில் நடப்பதை அருகிலிருந்து எழுதிக்கொள்ளும் பதிவாளரின் குறிப்பை ஆளும் மன்னர் வாங்கிப் படிக்கக் கூடாது. அவர் இறந்த பிறகே அது தொகுக்கப்படும். சீனத்திலோ, ஓர் அரசமரபு வீழ்ந்த பின் அடுத்து வந்த மரபு முந்தையதன் வரலாற்றை எழுதி முடிப்பதைத் தன் கடமையாகவே கருதியது. இந்த நாடுகளின் வரலாற்றுத் தொடர்களையும் மாயத் தொடர்களையும் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு, அவற்றைப் புரிந்துகொள்ள இந்தப் பதிவேட்டு மரபிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது. கடந்த காலம் இவ்வளவு நெருக்கமாக எழுதப்பட்டிருக்கும் நாட்டில் கதை சொல்பவர், பதிவேடு மௌனமாக இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதற்குள் நுழைய வேண்டும். இல்லையென்றால் பதிவேடே இல்லாத ஒரு நாட்டையோ விண்ணுலகையோ படைத்துக்கொள்ள வேண்டும். வரலாற்றுத் தொடர், மாயத் தொடர் என்று இவற்றைப் பிரித்துப் பேசுவது வழக்கமானாலும், ஒரே நெருக்கடிக்குக் கிடைத்த இரண்டு விடைகளாகவே நான் இவற்றைக் காண்கிறேன்.

முதல் வழிக்குச் சிறந்த சான்று, 2003 செப்டம்பரில் எம்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி 54 பகுதிகளாக வெளிவந்த 'டே ஜாங்கும்'. இலங்கையில் ரூபவாஹினி இதைச் சிங்களத்தில் மொழிமாற்றி ஒளிபரப்பியதால் அங்குள்ள தமிழர் பலருக்கும் இது பழக்கமான தொடர்தான். இதன் நாயகி கற்பனைப் பாத்திரம் அல்லள். ஜுங்ஜோங் மன்னரின் காலப் பதிவேட்டில் ஜாங்கும் என்ற மருத்துவப் பெண்ணின் பெயர் சில இடங்களில் வருகிறது. 1515இல் அரசி பிள்ளைப்பேற்றுக்குப் பின் இறந்தபோது அந்தப் பெண்ணைத் தண்டிக்க வேண்டும் என்று அதிகாரிகள் கேட்கிறார்கள், மன்னர் இணங்கவில்லை. 1524இல் அவளுடைய மருத்துவம் மற்றவர்களுடையதைவிடச் சற்றுத் தேர்ந்தது என்ற குறிப்பு வருகிறது. 1544இல், தமது இறுதி நோயின்போது, தம் உடல்நிலையை அந்த மருத்துவப் பெண் அறிவாள் என்கிறார் மன்னர். அவள் எங்கே பிறந்தாள், யார் பெற்றோர், எப்படி அரண்மனைக்குள் வந்தாள், பின்னாளில் என்ன ஆனாள் என்பவற்றுக்கெல்லாம் விடை இல்லை.

அந்தச் சில வரிகளுக்கு நடுவே இருக்கும் முப்பது ஆண்டு இடைவெளியைத்தான் தொடர் நிரப்புகிறது. அரண்மனைச் சமையற்கட்டில் அவள் வளர்ந்தாள் என்பது முழுக்க முழுக்கக் கற்பனை. ஆனால் ஒரு பெண், அதுவும் தாழ்ந்த நிலையில் பிறந்தவள், மன்னரின் நாடியைத் தொட்டுப் பார்ப்பதா என்று அவை கொதிக்கும் காட்சிகள் பதிவேட்டின் தொனியிலேயே எழுதப்பட்டவை. கற்பனை தன் எல்லையை அறிந்து நிற்பதனால்தான் பார்ப்பவர் அதை நம்புகிறார். உணவைச் சுவைத்த சிறுமியிடம், 'அதில் பெர்சிமன் பழம் இருப்பதாக ஏன் நினைத்தாய்' என்று கேட்கும்போது, 'பெர்சிமன் சுவை இருந்தது, அதனால் பெர்சிமன் என்றேன்' என்று அவள் விடை சொல்லும் இடத்தில் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது. அந்தச் சொற்கள் எந்த ஏட்டிலும் இல்லை என்று தெரிந்திருப்பதால் அந்த நெகிழ்ச்சி சிறிதும் குறைவதில்லை.

2021இல் வந்த 'தி ரெட் ஸ்லீவ்' இன்னும் நுட்பமான காரியத்தைச் செய்தது. 1776 முதல் 1800 வரை ஆண்ட ஜொங்ஜோ மன்னரும் சொங் என்னும் குடியைச் சேர்ந்த அரண்மனைப் பணிப்பெண்ணும் இதன் நாயகர்கள். அந்தப் பெண் 1786இல் இறந்தபோது அவளுக்கான கல்லறை வாசகத்தை மன்னரே எழுதினார். இளம் வயதில் தாம் அவளை விரும்பிக் கேட்டதும், அவள் அழுது மறுத்ததும், பல ஆண்டுகள் கழித்து மீண்டும் கேட்டபோதும் அவள் முதலில் மறுத்ததும் அதில் உள்ளன. அவள் ஏன் மறுத்தாள் என்பதற்கு மன்னர் ஒரு காரணம் சொல்கிறார், ஆனால் அது மன்னர் எழுதிய காரணம். அவளுடைய கையெழுத்து நமக்குக் கிடைப்பது ஒரு புதினத்தின் பிரதியில்தான்: இளவரசிகளோடும் மற்றப் பணிப்பெண்களோடும் சேர்ந்து அவளும் அதைப் படியெடுத்தாள். அந்தப் படியெடுக்கும் காட்சி தொடரில் வருகிறது. மன்னரின் காதல் கதையாக மட்டுமே எளிதில் எடுத்திருக்கக்கூடிய ஒன்றை, 'அவள் மன்னரை உண்மையில் விரும்பினாளா' என்ற கேள்வியாக மாற்றி, அதற்கு இறுதிவரை முழு விடை தராமல் விட்டதைத்தான் இந்தத் தொடரின் உயர்ந்த நேர்மையாக நான் மதிக்கிறேன்.

சீனப் பதிவேட்டில் இத்தகைய மௌனம் இன்னும் ஆழமானது. அந்தப்புரத்துப் பெண்களின் சொந்தப் பெயரே பெரும்பாலும் எழுதப்படவில்லை. குடிப்பெயரும் பட்டமும் மட்டும் உண்டு. அரண்மனைத் தொடர்களில் நாம் கேட்கும் அழகிய பெயர்களில் பல, எழுத்தாளர்கள் சூட்டியவை. மஞ்சு இனத்தவரான சிங் மரபின் சியான்லோங் பேரரசருடைய இரண்டாவது பேரரசி நாராவின் கதையை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். 1765இல் பேரரசரோடு தென்னகப் பயணம் சென்ற அவர், ஹாங்சோ நகரில் தம் கூந்தலை வெட்டிக்கொண்டார். மஞ்சு வழக்கத்தில் கூந்தலை வெட்டுவது இறப்புத் துக்கத்தின் அடையாளம். கணவர் உயிரோடு இருக்கும்போது வெட்டுவது அவருக்கே சாவு நேர்ந்ததாக அறிவிப்பதைப் போன்றது. உடனே அவர் தலைநகருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மறு ஆண்டே இறந்தார். பேரரசிக்குரிய இறுதி மரியாதை மறுக்கப்பட்டு, வேறொரு துணைவியின் கல்லறையில் ஓர் ஓரமாக வைக்கப்பட்டார். கூந்தலை ஏன் வெட்டினார் என்பதை எந்தப் பதிவும் தெளிவாகச் சொல்லவில்லை.

2018இல் இரண்டு பெருந்தொடர்கள் ஏறத்தாழ ஒரே பருவத்தில் இந்த ஒரே மௌனத்துக்குள் நுழைந்தன. 70 பகுதிகள் கொண்ட 'யான்சி அரண்மனைக் கதை'யில் நாரா வஞ்சகி. பணிப்பெண்ணாக வந்து உயரும் வெய் குடிப் பெண்தான் நாயகி. 87 பகுதிகள் கொண்ட 'ரூயி' தொடரில் நாராதான் நாயகி. அதே வெய் குடிப் பெண், வேறு பெயரில், கொடியவளாக வருகிறாள். அந்த வெய் பெண்மணி அடுத்த பேரரசரின் தாய் என்பதால், இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் 1795இல் பேரரசி பட்டம் பெற்றவர். ஒரே ஆண்டில், ஒரே அரண்மனையில், நல்லவளும் கெட்டவளும் இடம் மாறி நிற்பதைப் பார்த்தவருக்கு, வரலாறு எவ்வளவு குறைவாகச் சொல்லியிருக்கிறது என்பது விளங்கிவிடும்.

இரண்டில் எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுவது 'ரூயி'. யான்சியின் கலை நுணுக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. சாம்பல் கலந்த அடங்கிய நிறங்கள், பூத்தையல், மஞ்சு வழக்கப்படி ஒவ்வொரு காதிலும் மூன்று காதணிகள் என்று அதில் எடுத்துக்கொண்ட உழைப்பு பெரிது. ஆனால் அதன் கதை ஒரு பகையை முடித்து அடுத்த பகைக்குப் படியேறும் ஓட்டமாகவே இருக்கிறது. நாயகி தோற்பாள் என்ற அச்சம் எங்கும் இல்லை. ரூயியோ, இளமையில் ஒருவரையொருவர் விரும்பிய இருவர், பேரரசரும் பேரரசியும் ஆனபின் எப்படி மெல்ல மெல்ல அந்நியராகிறார்கள் என்பதை அவசரமில்லாமல் காட்டுகிறது. அங்கே கூந்தல் வெட்டப்படும்போது, அது பேரரசருக்குள் இறந்துபோன அந்த இளைஞனுக்கான துக்கமாகிறது. ஆதாரம் இல்லாத இடத்தில் இப்படி ஒரு விளக்கத்தை வைப்பதற்கு நாராவின் மீது மெய்யான இரக்கம் வேண்டும்.

அரண்மனைத் தொடர்கள் அரசின் கண்ணையும் உறுத்தின. 2019 ஜனவரியில் பெய்ஜிங் நாளிதழ் ஒன்றில், இவை அரச குடும்ப ஆடம்பரத்தையும் சூழ்ச்சியையும் பெருமைப்படுத்துகின்றன என்று கடுமையான கட்டுரை வந்ததை அடுத்து, செயற்கைக்கோள் அலைவரிசைகள் இத்தகைய தொடர்களின் மறு ஒளிபரப்பை நிறுத்தின. அதற்கு முன்பே, 2011இல், நிகழ்காலத்து மனிதர் கடந்த காலத்துக்குச் செல்லும் கதைகள் வரலாற்றை மதிப்பதில்லை என்று ஒளிபரப்புத் துறை கண்டித்திருந்தது. இந்தப் பின்னணியில்தான் சீனத் தொடர்களில் பெருகிவரும் 'இல்லாத நாடு'களைப் பார்க்க வேண்டும். 2019இல் வந்த 'ஜாய் ஆஃப் லைஃப்' தொடரில், நவீன நினைவுகளோடு பழைய உலகில் பிறக்கும் நாயகனின் கதை, இன்றைய மாணவன் ஒருவன் எழுதும் புதினம் என்ற உறைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் தணிக்கையை மட்டும் காரணமாகச் சொல்வது அந்தப் பண்பாட்டுக்குச் செய்யும் அநீதி. காலத்தை மாற்றிச் சொல்வது கிழக்காசியாவில் மிகப் பழைய இலக்கிய வழக்கம். தாங் பேரரசர் ஷுவான்சோங் தம் காதலியால் நாட்டை இழந்த கதையை 806இல் பாடிய கவிஞர் பாய் ஜூயி, 'ஹான் பேரரசர்' என்றே தொடங்குகிறார். ஹான் மரபு மறைந்து ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜப்பானில் 1703இல் 47 வீரர்கள் தம் தலைவனுக்காகப் பழிவாங்கியதை, 1748இல் பொம்மலாட்ட மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் பதினான்காம் நூற்றாண்டில் நடந்ததாகப் பெயர்களை மாற்றி அமைத்தார்கள். சமகாலத்தைப் பற்றிப் பேச விரும்புவோர் வேறொரு காலத்தின் உடையை அணிவது அங்கே பார்வையாளருக்கும் புரிந்த உடன்பாடு.

2015இல் வெளிவந்த 'நிர்வாணா இன் ஃபயர்' அந்த உடன்பாட்டின் உச்சம் என்பது என் உறுதியான கருத்து. ஹாய் யானின் இணையப் புதினத்திலிருந்து 54 பகுதிகளாக எடுக்கப்பட்ட இதன் களம் லியாங் என்னும் அரசு. ஆறாம் நூற்றாண்டில் அப்பெயரில் ஓர் அரசு உண்மையிலேயே இருந்தது, ஆனால் இந்தக் கதையின் லியாங் அது அன்று. பொய்க் குற்றச்சாட்டில் எழுபதாயிரம் பேர் கொண்ட படை கொன்றழிக்கப்படுகிறது. தப்பிப் பிழைத்த இளந்தளபதி, உருமாறி, நோயுற்ற அறிஞனாகத் தலைநகருக்குத் திரும்புகிறான். அவனுடைய குறி பேரரசரைக் கொல்வது அன்று. பழைய வழக்கை மீண்டும் விசாரிக்கும்படி அவையின் முன் அவரே ஆணையிட வேண்டும், இறந்தவர்கள் துரோகிகள் அல்லர் என்று பதிவேடு திருத்தப்பட வேண்டும், அதுவே அவன் வேண்டுவது. பேரரசரின் பிறந்தநாள் விருந்தில் இளவரசி ஒருத்தி தன் கணவனின் வாக்குமூலத்தை உரக்கப் படிக்க, அமைச்சர்கள் ஒவ்வொருவராக முன்வந்து மறுவிசாரணை கோரும் காட்சியில் வாளே இல்லை. நான் பார்த்த எந்தப் போர்க்காட்சியும் அதற்கு ஈடாகவில்லை. ஆளும் ஒருவர் தம் தவற்றை ஏட்டில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற இந்தக் கோரிக்கையை உண்மையான பேரரசர் ஒருவரின் முன் வைத்திருந்தால், அது அந்த ஒருவரைப் பற்றிய வழக்காகச் சுருங்கியிருக்கும். இல்லாத நாட்டில் வைத்ததால்தான் அது எல்லா நாட்டுக்கும் பொருந்துகிறது.

இனி, பதிவேட்டை முற்றிலும் விட்டு விண்ணுக்கே ஏறிவிடும் 'சியான்சியா' வகை. தவமும் பயிற்சியும் செய்து சாவை வெல்லும் தாவோ மரபுதான் இதன் வேர். காயகற்பம், இரசவாதம் என்று சித்தர் மரபில் பேசிப் பழகியவர்களுக்கு, உடலுக்குள் 'பொற்குளிகை' விளைகிறது என்ற எண்ணம் அவ்வளவு அந்நியமாகப் படாது. போகரைச் சீனத்தோடு இணைக்கும் நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. விண்ணவர் கடக்க வேண்டிய இடர்க்காலத்தைச் சீன மொழியில் குறிக்கும் 'ஜியே' என்ற சொல்லே, பௌத்தத்தின் வழியாக அங்கே சென்ற 'கல்பம்' என்ற சொல்லின் குறுக்கம். நாம் கற்பம் என்கிறோம். நாயகி ஒருத்தி இடியையும் மின்னலையும் தாங்கி 'ஜியே'யைக் கடக்கும்போது, நமக்கும் அவர்களுக்கும் பொதுவான ஒரு சொல் திரையில் இருக்கிறது.

இந்த வகையில் புதிதாகப் பார்ப்பவர்கள் பலர் குழம்புவது, சொர்க்கம் ஏன் இவ்வளவு அலுவலகமாக இருக்கிறது என்பதில்தான். சீன நாட்டார் சமயத்தில் விண்ணுலகம் பேரரசின் நிருவாகத்தைப் போலவே அமைந்தது. அடுப்படித் தெய்வம் ஆண்டின் இறுதியில் மேலே சென்று குடும்பத்தின் நடத்தையைப் பற்றி அறிக்கை தருகிறது. நகரத் தெய்வம் மாவட்ட அதிகாரியைப் போல இறந்தவர்களின் வழக்கை விசாரிக்கிறது. ஆகவே 2017இல் வந்த, மூன்று பிறவிகளில் நிகழும் பீச் மலர்க் காதல் கதையான 'எடர்னல் லவ்' தொடரின் விண்ணரசரும் அவையும் நெறிமுறைகளும், பதிவேட்டிலிருந்து தப்பி ஓடியவர்கள் மேலே மீண்டும் ஒரு பதிவேட்டைக் கட்டிக்கொண்டதன் அடையாளம். அதன் நாயகியான ஒன்பது வால் நரியும் அவள் வாழும் சிங்சியூ நாடும் ஈராயிரம் ஆண்டுப் பழமையான மலை-கடல் நூலிலிருந்து வந்தவை. வேர் இவ்வளவு வளமாக இருக்க, இன்றைய சியான்சியா தொடர்களில் பெரும்பாலானவை எல்லோருக்கும் வெண்பட்டு உடுத்தி, எல்லா முகங்களையும் ஒளிவடிகட்டியால் மெழுகி, ஒருவர் மீது ஒருவர் நிற ஒளிப் பந்துகளை எறியவைத்து நாற்பது பகுதிகளை ஓட்டிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சாவே இல்லாதவர்கள் எதை இழப்பார்கள் என்ற கேள்விக்கு விடை தேடாத மாயக்கதை வெறும் ஒப்பனைதான்.

கொரியா மாயத்தைத் தரையிலேயே வைத்துக்கொள்கிறது. 2019இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'கிங்டம்', 1592 முதல் 1598 வரை நடந்த ஜப்பானியப் படையெடுப்புக்குப் பிந்தைய காலத்தில் நிகழ்கிறது. பசியால் வாடும் மருத்துவமனை ஒன்றில், இறந்தவனின் உடலை மானிறைச்சி என்று சொல்லிக் கஞ்சி காய்ச்சித் தருகிறான் ஒருவன். உண்டவர்கள் நடமாடும் பிணங்களாகிறார்கள். அங்கே பேய்க்கும் பஞ்சத்துக்கும் இடையில் கோடு கிழிக்க முடியாது. மேலே அரண்மனையில் இறந்த மன்னரைப் பதவிக்காக 'உயிரோடு' வைத்திருக்கிறார்கள், கீழே மக்கள் பசியால் ஒருவரை ஒருவர் தின்கிறார்கள்.

ஆனால் எல்லை மீறினால் அங்கே அரசைவிட விரைவாக மக்கள் எழுகிறார்கள். 2021 மார்ச்சில் எஸ்பிஎஸ் ஒளிபரப்பிய 'ஜோசொன் எக்சார்சிஸ்ட்' இரண்டே பகுதிகளோடு கைவிடப்பட்டது. கொரிய எல்லையில் நடக்கும் விருந்துக் காட்சியில் சீன நிலாப் பணியாரமும் பதப்படுத்திய கரிய முட்டையும் வைக்கப்பட்டிருந்தன. தேஜோங் மன்னர் மாயையில் சிக்கி மக்களைக் கொல்பவராகக் காட்டப்பட்டார். விளம்பரதாரர்கள் விலகினார்கள், அந்த மன்னரின் வழிவந்த ஜொன்ஜு யி குலத்தாரும் எதிர்த்தார்கள். ஒரு பணியாரத்துக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள், 2002இல் சீனம் தொடங்கிய வடகிழக்கு ஆய்வுத் திட்டத்தை அறிய வேண்டும். கொரியர் தம் முன்னோரின் அரசாகக் கருதும் கோகுர்யோவைச் சீன வரலாற்றின் ஒரு பகுதியாக அது விளக்கியது. 2006இல் 'ஜுமொங்', 'தே ஜோயொங்' என்று அந்தப் பழைய வடபுல அரசுகளைப் பற்றிய தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததை அந்தச் சூழலோடு சேர்த்தே படிக்க வேண்டும். அந்தக் கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆயினும் பேய்க்கதை ஒன்றை அதன் இரண்டாம் இரவிலேயே நிறுத்தியது, இனி எழுதுவோரின் கையில் ஓர் அச்சத்தை வைத்துவிட்டது என்றும் நினைக்கிறேன்.

மொழிபெயர்ப்பில் தொலைந்துபோகும் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ஜோசொன் தொடர்களில் மன்னரை 'ஜொன்ஹா' என்று விளிப்பார்கள். அதற்கு முந்தைய கோர்யோவின் தொடக்க காலத்தைக் காட்டும் தொடர்களில் 'பியேஹா' என்பார்கள். பின்னது பேரரசருக்கு உரியது, முன்னது அவருக்கு ஒரு படி கீழே நிற்பவருக்கு உரியது. மங்கோலியரின் மேலாதிக்கத்தில் கோர்யோ மன்னர்கள் அந்தப் படியிலிருந்து இறக்கப்பட்டார்கள். திரைக்கு அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு எழுத்துவரியில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடுவதால், ஒரு நாட்டின் நூற்றாண்டுத் தாழ்வு நம் கண்ணில் படாமலே போகிறது.

கடைசியாக, தேஜோங்கிடமே திரும்ப வேண்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் கேபிஎஸ் அவருடைய வாழ்க்கையை 'தேஜோங் யி பாங்வொன்' என்ற தொடராக ஒளிபரப்பத் தொடங்கியது. அவருடைய தந்தை குதிரையிலிருந்து விழும் காட்சிக்காக, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு குதிரையின் கால்களில் கயிறு கட்டி, ஓடும்போது பின்னிருந்து இழுத்தார்கள். அது தலைகுப்புற விழுந்தது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் இறந்துவிட்டது. 2022 ஜனவரியில் விலங்கு நல அமைப்பு ஒன்று அந்தப் படப்பிடிப்பின் காணொளியை வெளியிட்ட பிறகே நாட்டுக்குச் செய்தி தெரிந்தது. ஒளிபரப்பு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, தொடர் சில வாரங்கள் நின்றது. அந்தக் காணொளியை நான் ஒருமுறைதான் பார்த்தேன். குதிரையின் பெயர் காமி.